வாசலுக்கு ஒரு கணக்கு: குடும்ப வணிகம் பற்றி வாசகர் கேள்வி–பதில்

ஒரு கடை மூன்று கடையாகி, அங்கிருந்து உணவகம், லாட்ஜ் என்று கை நீட்டும் குடும்பங்களிலிருந்து வந்த கடிதங்கள் இம்முறை. கணக்குகளில் உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்காக எழுதப்பட்டவை. வரி விகிதங்களும் சட்ட விதிகளும் தென்னாப்பிரிக்காவில் நடைமுறையில் உள்ளவை.

கேள்வி: தாத்தா டோங்காட்டில் காய்கறிக் கடை வைத்தார். இன்று எங்களிடம் மூன்று சூப்பர் மார்க்கெட்டும் ஒரு மதுக்கடையும் இருக்கின்றன. மாத விற்பனை, வாட் (மதிப்புக் கூட்டு வரி) நீங்கலாக, ஏறக்குறைய 8 மில்லியன் ராண்ட். ஜனவரி முதல் வாரம் வங்கியில் 6 மில்லியன் நின்றது. கடற்கரை ஊரான பாலிட்டோவில் 28 அறை லாட்ஜ் ஒன்று 22 மில்லியனுக்கு விலைக்கு வந்திருக்கிறது. “கையில் இருக்கும் 6, வங்கிக் கடன் 16, முடித்துவிடலாம்” என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. (ஒரு வாசகர், டோங்காட்)

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி. அந்த 6 மில்லியனில் பெரும்பகுதி உங்களுடையது அல்ல.

மளிகை வியாபாரத்தில் வாடிக்கையாளர் இன்றே பணம் கொடுக்கிறார், சரக்கு கொடுத்தவருக்கு நீங்கள் 30 நாள் கழித்துக் கொடுக்கிறீர்கள். விற்ற சரக்கின் அடக்கவிலை விற்பனையில் 82 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 6.56 மில்லியன் கொள்முதல். அப்படியானால் எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் மொத்த வியாபாரிகளுக்கு 6.5 மில்லியன் அளவுக்குப் பாக்கி நிற்கும். அலமாரியிலும் கிடங்கிலும் 21 நாள் சரக்கு இருந்தால் அதன் மதிப்பு 4.6 மில்லியன். பாக்கியில் சரக்கின் மதிப்பைக் கழித்தால் மீதி 1.9 மில்லியன். சரக்கு முழுவதும் அடுத்தவர் முதலில் நிற்பதோடு, இந்த 1.9 மில்லியனும் வங்கிக் கணக்கில் உங்கள் பணம்போல உட்கார்ந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. 12 மாதத்தில் 30 மில்லியனுக்கு மேல் விற்பவர்கள் மாதந்தோறும் வாட் கட்ட வேண்டும். டிசம்பரில் வசூலித்த வாட், ஜனவரி கடைசி வேலை நாளில் வரித் துறையான சார்ஸுக்குப் போகும். ஊழியரிடம் பிடித்த வருமான வரி 7ஆம் தேதிக்குள் போகும். உங்கள் நிதியாண்டு பிப்ரவரியில் முடிவதாக இருந்தால் முன்கூட்டியே கட்டும் வருமான வரியின் இரண்டாவது தவணையும் பிப்ரவரி கடைசியில் வந்து நிற்கும். கிறிஸ்துமஸுக்காக நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் இறக்கிய சரக்கின் பில்கள் ஜனவரியில் வரிசை கட்டும். ஆண்டிலேயே வங்கி இருப்பு அதிகமாகத் தெரியும் வாரம் ஜனவரி முதல் வாரம். அதை வைத்து எதையும் வாங்கத் தீர்மானிக்கக் கூடாது.

உங்கள் பணம் எவ்வளவு என்று அறிய ஒரு வழி உண்டு. கடந்த 12 மாத வங்கி அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு நாள் முடிவிலும் நின்ற இருப்பை ஒரே பத்தியாக எழுதுங்கள். அதில் மிகக் குறைந்த எண்ணைத் தேடுங்கள். அதிலிருந்து ஒரு மாதச் சம்பளம், வாடகை, மின்கட்டணம் மூன்றையும் கழியுங்கள். மிஞ்சுவது எதுவோ அதுதான் புதிய தொழிலில் போடக்கூடிய பணம். பல குடும்பங்களில் 6 மில்லியன் என்று நினைத்தது இந்தக் கணக்கில் 1 மில்லியனுக்கும் கீழே வந்துவிடும்.

இதில் கவனிக்காவிட்டால் எப்படி இடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் பெரிய சங்கிலிக் கடை ஒன்று திறந்து உங்கள் விற்பனை 20 விழுக்காடு விழுந்தால், கொள்முதலும் அதே அளவு குறையும், கடன் பாக்கி 6.5 மில்லியனிலிருந்து 5.2 மில்லியனுக்கு இறங்கும். ஆனால் அலமாரியில் உள்ள சரக்கு அவ்வளவு வேகமாகக் குறையாது. ஆக, ஆறேழு வாரத்துக்குள் 1.3 மில்லியன் வங்கியிலிருந்து வெளியே போக வேண்டியிருக்கும். அந்தப் பணம் பாலிட்டோவில் செங்கல்லாக நிற்கிறது என்றால் மொத்த வியாபாரி சரக்கை நிறுத்துவார், அலமாரி காலியாகும், விற்பனை இன்னும் விழும். லாபத்தில் நடந்த கடைகள் ஓட்டலால் மூடப்படுவது இப்படித்தான்.

இனி லாட்ஜின் கணக்கு. 28 அறை, 365 நாள்: ஆண்டுக்கு 10,220 அறை இரவுகள். சராசரிக் கட்டணம் வாட் நீங்கலாக 950 ராண்ட் என்று கொள்ளுங்கள். சலவை, காலை உணவு, சோப்பு, இணைய முன்பதிவுத் தளங்களின் கமிஷன் என அறை நிரம்பும்போது மட்டும் ஆகும் செலவு 180. மீதி 770. நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஆகும் சம்பளம், மின்சாரம், நகராட்சி வரி, பராமரிப்பு ஆண்டுக்கு 2.2 மில்லியன். 16 மில்லியன் கடன், 11 விழுக்காடு வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை 2,20,400, ஆண்டுக்கு 2.645 மில்லியன். இரண்டும் சேர்ந்து 4.845 மில்லியன். அதை 770ஆல் வகுத்தால் 6,292 அறை இரவுகள். அதாவது ஆண்டு முழுதும் சராசரியாக 62 விழுக்காடு அறைகள் நிரம்பினால்தான் கைக்காசு போடாமல் தப்பலாம். 55 விழுக்காடே நிரம்பினால் ஆண்டுக்கு 5,17,000 ராண்ட் கடைகளிலிருந்து எடுத்துக் கொட்ட வேண்டும். டிசம்பரிலும் ஈஸ்டரிலும் அறை கிடைக்காமல் ஆள் திரும்பிப் போவதைப் பார்த்து மயங்க வேண்டாம். பள்ளி நடக்கும் மாதங்களில் செவ்வாய், புதன் இரவுகளில் எத்தனை சாவி பலகையில் தொங்குகிறது என்று பாருங்கள்.

எனவே விற்பவரிடம் மூன்று ஆண்டுக்கான மாதவாரி அறைக் கணக்கு, முன்பதிவுத் தளங்களின் அறிக்கை, சார்ஸுக்குக் கொடுத்த வாட் 201 படிவங்கள், வங்கி அறிக்கை நான்கையும் கேளுங்கள். நான்கும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். “ரொக்கமாக வருவது இதில் எழுதவில்லை” என்று சொன்னால் அந்த வருமானத்துக்குப் பூஜ்யம் போடுங்கள்.

வாங்குவதென்று முடிவானால் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் 3.3 மில்லியன் ராண்ட் பெறும். நடந்துகொண்டிருக்கும் தொழிலை அப்படியே விற்பதாக, மாற்றும் நாளில் அது வருமானம் தரும் நிலையில் இருக்கும் என்று, விலையில் வாட் பூஜ்ய விகிதத்தில் அடக்கம் என்று எழுத்தில் இருந்து, விற்பவர் வாங்குபவர் இருவரும் வாட் பதிவு பெற்றவர்களாக இருந்தால் வரி பூஜ்யம். வாங்கும் புதிய கம்பெனி பதிவு பெறாமல் நின்றால் 22 மில்லியனுக்கு 15 விழுக்காடு. பதிவுக்கு நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இன்னும் இரண்டு: தொழிலோடு ஊழியர்களும், அவர்களுடைய பழைய சேவைக் காலமும், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி தாமாகவே உங்களிடம் வந்துவிடும். மது உரிமம் அப்படி வராது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அண்ணனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தேவையில்லை. அறைக் கணக்கு 62 விழுக்காட்டைத் தாண்டி இருக்கிறதா, ஆண்டின் மிகக் குறைந்த வங்கி இருப்பு எவ்வளவு என்ற இரண்டு எண்களை அவர் முன் வையுங்கள்.

கேள்வி: எல்லாமே அப்பா 1990களில் தொடங்கிய ஒரே சி.சி.யில் (குளோஸ் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவன வகை) இருக்கின்றன: கடை, கட்டடம், உணவகம். கம்பெனிகளாகப் பிரிக்கச் சொல்கிறார் கணக்காளர். செலவு வைக்கவா, உண்மையிலேயே தேவையா? (ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: தேவைதான். 2011 மே 1ஆம் தேதிக்குப் பிறகு புதிய சி.சி. பதிவு செய்ய முடியாது. பழையவை தொடரலாம், கம்பெனியாக மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் உங்கள் பிரச்சினை சி.சி. என்பது அல்ல, எல்லாம் ஒரே சட்டியில் கிடப்பது. உணவகத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் அப்பா காலத்துக் கட்டடமும் அந்த வழக்கில் மாட்டும்.

வழக்கமாகச் செய்வது இது: மேலே ஒரு தாய்க் கம்பெனி. அதன் கீழே கட்டடங்களுக்கு ஒன்று, கடைகளுக்கு ஒன்று, உணவகம் அல்லது லாட்ஜுக்கு ஒன்று. கட்டடக் கம்பெனி கடைக் கம்பெனிக்கு எழுத்துபூர்வமான குத்தகை கொடுத்து, சந்தை வாடகை வாங்க வேண்டும். பல குடும்பங்கள் “நம் கட்டடம்தானே” என்று வாடகை எழுதுவதே இல்லை. அதனால் கடை லாபம் தருவதாகத் தோன்றும். வாடகையை எழுதிப் பார்த்தால்தான் கட்டடம் சம்பாதிக்கிறது, கடை சம்பாதிக்கவில்லை என்று தெரியவரும். பிரிப்பதன் பெரிய பயன் வழக்கிலிருந்து தப்புவதைவிட இதுதான் என்று நினைக்கிறோம்.

பிரிப்பதற்கு ஒரு விலையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் குழுமம் முழுவதற்கும் சேர்த்து வரி போடும் முறை கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் லாபத்துக்கு 27 விழுக்காடு தனியாகக் கட்டும். லாட்ஜ் 2 மில்லியன் நட்டமானாலும் கடைகளின் லாபத்தில் அதைக் கழிக்க முடியாது. அந்த நட்டம் லாட்ஜ் கம்பெனியிலேயே காத்திருக்கும். பிற்காலத்தில் லாபம் வரும்போதும் அந்த ஆண்டு வருமானத்தில் 80 விழுக்காடு அல்லது 1 மில்லியன், இரண்டில் எது அதிகமோ அதுவரைதான் கழிக்கலாம். அதனால் லாட்ஜைத் தனிக் கம்பெனியில் வைக்கும் முன் முதல் மூன்று ஆண்டு நட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சொத்தை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மூலதன ஆதாய வரியும் பத்திர வரியும் வரும். தாய்க் கம்பெனி 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் பங்கு வைத்திருக்கும் குழுமத்துக்குள் வருமான வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு. முதலில் கட்டமைப்பு, பிறகு மாற்றம் என்ற வரிசையில் செய்தால் அந்த விலக்கு கிடைக்கும். முதலில் விற்றுவிட்டுப் பிறகு கணக்காளரிடம் போனால் கிடைக்காது.

இவ்வளவும் செய்துவிட்டு வங்கி நீட்டும் ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் வீண். லாட்ஜ் கடனுக்குக் கடைக் கம்பெனியும், கட்டடக் கம்பெனியும், அண்ணன் தம்பி எல்லோரும் வரம்பில்லா ஜாமீன் போட்டால் பிரித்த சுவர்கள் காகிதத்தில் மட்டும்தான். மொத்த வியாபாரிகளின் கடன் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்திலும் இது சிறிய எழுத்தில் இருக்கும். தொகைக்கு வரம்பு எழுதச் சொல்லுங்கள், கடன் முடிந்ததும் ஜாமீனை ரத்து செய்த கடிதத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒரு தாய் வயிற்றுக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று கடனோ ஜாமீனோ கொடுக்க, 2008ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். கொடுத்த பிறகும் கடன்களைக் கட்டும் நிலையில் கம்பெனி இருக்கும் என்று இயக்குநர்கள் பார்த்து உறுதி செய்திருக்கவும் வேண்டும். இரண்டும் இல்லாத கடன் செல்லாது.

கேள்வி: எங்கள் சூப்பர் மார்க்கெட்டை ஒட்டியே பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி) கடை நடத்துகிறோம். கூட்டம் குறைவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அரிசி, எண்ணெய், வெங்காயம் எல்லாம் நம் கடையிலிருந்தே எடுக்கிறோம். (ஒரு வாசகி, பீனிக்ஸ்)

பதில்: பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. ‘நம் கடையிலிருந்தே எடுக்கிறோம்’ என்றால் எழுதி எடுக்கிறீர்களா?

எழுதாமல் எடுத்தால் சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு காணாமல் போனதாகத் தெரியும், சமையலறையில் லாபம் இருப்பதாகத் தெரியும். இரண்டும் பொய். சமையலறைக்கென்று கல்லாவில் ஒரு வாடிக்கையாளர் கணக்கு திறந்து, எடுக்கும் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, அடக்கவிலையில் பில் போடுங்கள். இரண்டும் ஒரே கம்பெனி என்றால் அது உள் மாற்றம், வாட் இல்லை. வெவ்வேறு கம்பெனி என்றால் முறையான வரிப் பில்.

அடுத்து விலை. கால் பங்கு ரொட்டியில் செய்யும் மட்டன் பன்னி ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம், எல்லாம் வாட் நீங்கலாக. எலும்போடு 180 கிராம் பச்சை இறைச்சி, கிலோ 160 ராண்ட் வீதம், 28.80. உருளைக்கிழங்கு 1.60. வெங்காயம், தக்காளி, எண்ணெய், மசாலா 5. கால் ரொட்டி 5. கேரட், வெங்காயம், மிளகாய் சேர்ந்த சம்பல் 2. தாளும் பையும் 2.60. மொத்தம் 45 ராண்ட். நீங்கள் 115க்கு விற்றால் அடக்கம் 39 விழுக்காடு என்று மனக்கணக்குப் போடுவீர்கள். தவறு. 115இல் 15 ராண்ட் சார்ஸுடையது. உங்கள் விலை 100, அடக்கம் 45 விழுக்காடு. வாடகை, சம்பளம், எரிவாயு எல்லாம் மீதி 55க்குள் அடங்க வேண்டும்.

வாட் இங்கே இன்னொரு வகையிலும் கடிக்கும். வெங்காயம், உருளை, தக்காளி, அரிசி, பருப்பு, தாவர எண்ணெய், பிரவுன் ரொட்டி ஆகியவற்றுக்கு வாட் பூஜ்யம். மட்டனுக்கும் வெள்ளை ரொட்டிக்கும் 15 விழுக்காடு. சமைத்துத் தட்டில் வைத்துவிட்டால் எல்லாமே 15 விழுக்காடு. பூஜ்ய வரிப் பொருளை வாங்கும்போது திரும்பப் பெற வாட் இருக்காது, விற்கும்போது முழுதாகக் கட்ட வேண்டும். பீன்ஸ் பன்னியில் இந்தப் பளு விகிதத்தில் அதிகம், ஆனால் அடக்கம் மிகக் குறைவு என்பதால் தாங்கும். மட்டனில் விட்டதை பீன்ஸிலும் உருளையிலும் பிடிப்பதுதான் இந்தத் தொழில். அதனால் பலகையில் பீன்ஸ் பன்னியை அடியில் சிறிதாக எழுதாதீர்கள்.

இனி கரண்டி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இந்த இடத்துக்கே சொன்னது. கூட்ட நேரத்தில் பரிமாறுபவர் கை தாராளமாகி, பன்னிக்கு 20 கிராம் இறைச்சி கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். நாளைக்கு 150 பன்னி, மாதம் 26 நாள்: 78 கிலோ, 12,480 ராண்ட். உங்கள் கையில் நிற்காத பணம் இந்தக் கரண்டியில் இருக்கலாம். அளவு குறிக்காத குழிக்கரண்டியை எடுத்துவிட்டு ஒரே அளவுள்ள கரண்டி வாங்குங்கள். பச்சை இறைச்சியைச் சமைக்கும் முன் எடை போடுங்கள், பானைக்கு எத்தனை பன்னி வர வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். 18 கிலோ போட்ட பானையில் 100 கால் பன்னி வர வேண்டும். 88தான் வந்தது என்றால் அன்றே கேளுங்கள். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் சரக்குக் குறைகிறது. கேமரா பதினாறு வைத்தும் பயனில்லை. (ஒரு வாசகர், லெனேசியா)

பதில்: கேமராவைப் பிறகு பார்க்கலாம், முதலில் பின்வாசலைப் பாருங்கள். சரக்கு இறங்கும்போது பில்லில் உள்ளதை எண்ணாமல் கையெழுத்திடுவதுதான் பெரிய ஓட்டை. ரொட்டி, பால், குளிர்பானம், சிகரெட் என்று தினமும் வருபவற்றில் காலிப் பெட்டியும் திரும்பிய சரக்கும் சேர்ந்து கணக்கு குழம்பும். இறக்குபவர் ஒருவர், எண்ணுபவர் வேறொருவர், பில்லைக் கணினியில் ஏற்றுபவர் மூன்றாமவர் என்று வையுங்கள். குடும்பத்தார் என்றாலும் ஒருவரே மூன்றையும் செய்யக் கூடாது. கல்லாவில் ரத்து செய்த பில்களின் பட்டியலை நாள்தோறும் காசாளர் வாரியாக எடுத்துப் பாருங்கள். முழுக் கடையையும் ஆண்டுக்கொரு முறை எண்ணுவதைவிட, விலை உயர்ந்த 40 பொருள்களை வாரந்தோறும் எண்ணுவது பயன் தரும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. உயில் எழுதவில்லை. இரண்டு அண்ணன்மார் தொழிலில் இருக்கிறார்கள், நான் ஆசிரியை. “பெண்ணுக்குக் கடை எதற்கு” என்கிறார் பெரியண்ணன். சின்னண்ணன் மகனுக்கு அடுத்த ஆண்டு திருமணம். எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: உயிலிலிருந்து. இந்த மாதமே.

உயில் இல்லாமல் போனால் 1987ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம் பேசும். அது மகன், மகள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மனைவிக்கு 2,50,000 ராண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, எது அதிகமோ அது. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பெற்றோர் கூட்டுச் சொத்துடைமையில் திருமணம் செய்தவர்கள் என்றால் முதலில் பாதி அம்மாவுடையது, மீதிப் பாதிதான் நான்காகப் பிரியும். ஆக உங்களுக்குப் பங்கு உண்டு. பெரியண்ணன் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. அதே சமயம், தொழிலில் இல்லாதவரிடமும் இருப்பவரிடமும் ஒரே வகைப் பங்கு சிதறிக் கிடந்தால் சண்டை நிச்சயம். கட்டடக் கம்பெனியின் பங்கில் உங்களுக்குக் கூடுதலாகவும், கடைக் கம்பெனியின் பங்கில் அண்ணன்மாருக்குக் கூடுதலாகவும் அப்பா எழுதலாம். வாடகை வருவது உங்களுக்கு, வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் அதை நடத்துபவருக்கு. சாட்ஸ்வர்த் வாசகருக்குச் சொன்ன குத்தகை எழுத்தில் இருந்தால்தான் இது வேலை செய்யும்.

இறந்த பின் வரும் செலவையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பாவின் சொத்து 30 மில்லியன் என்று கொள்வோம். அப்படியே பிள்ளைகளுக்குப் போனால் 3.5 மில்லியன் விலக்குப் போக மீதி 26.5 மில்லியனுக்கு 20 விழுக்காடு, 5.3 மில்லியன் மரணச் சொத்து வரி. இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநரின் கட்டணம் 3.5 விழுக்காடு வரை, 1.05 மில்லியன். மூலதன ஆதாய வரி தனி. அதையும் கட்டணத்தையும் கழித்துத்தான் மரணச் சொத்து வரி போடுவார்கள் என்பதால் 5.3 சற்றுக் குறையும். இருந்தும் இவ்வளவும் ரொக்கமாக வேண்டும், சொத்தோ கடையாகவும் சரக்காகவும் நிற்கிறது. அப்போது கடையை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டிவரும். அம்மாவுக்கு எழுதினால் அந்த வரி அம்மாவின் காலம்வரை தள்ளிப்போகும், பயன்படுத்தாத விலக்கும் சேர்ந்து 7 மில்லியன் ஆகும். அண்ணன்மார் ஒருவர் பெயரில் ஒருவர் ஆயுள் காப்பீடு எடுத்து, பிரீமியத்தை எடுத்தவரே கட்டி, இறப்பவரின் பங்கை அந்தத் தொகையில் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்வது வழக்கம். விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் அதில் எழுதுங்கள். எழுதாத ஒப்பந்தங்கள் அங்கேதான் உடைகின்றன.

திருமணத்துக்கு வருவோம். கோயிலில் தாலி கட்டியது மட்டும், திருமண அலுவலர் முன் பதிவில்லை என்றால், அது சட்டப்படியான திருமணம் அல்ல. உயிலில்லாமல் இறந்தவரின் இந்து மனைவிக்கு வாரிசு உரிமை உண்டு என்று 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆனால் அதற்கு ஒரு பெண் வழக்காட வேண்டியிருந்தது. பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது, திருமணத்துக்கு முன்பே செய்துகொண்ட சொத்து ஒப்பந்தம் (முன் ஒப்பந்தம்) இல்லாவிட்டால் திருமணம் தானாகவே கூட்டுச் சொத்துடைமை ஆகிவிடும். மணமகனிடம் உள்ள கம்பெனிப் பங்கில் பாதி மணமகளுடையது, மணமக்களில் ஒருவர் வாங்கும் கடனும் இருவருடையது. முன் ஒப்பந்தத்தைத் தாலி கட்டும் நாளுக்கு முன்பே நோட்டரி முன் கையெழுத்திட்டு, மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். விட்டுவிட்டால் பிறகு மாற்ற உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். மருமகளை நம்பவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கடை கடனில் விழுந்தால் அவளுடைய நகையும் சம்பளமும் தப்புவது இதனால்தான் என்று பெண் வீட்டாரிடம் உட்கார்ந்து விளக்குங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசினால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சம்பளமும் லாபப் பங்கும் வேறு வேறு என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். வேலை செய்பவருக்கு அந்த வேலைக்கு வெளியாள் வாங்கும் சம்பளம், பங்கு வைத்திருப்பவருக்கு 20 விழுக்காடு வரி போக லாபப் பங்கு. பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டுச் செலவுக்கென்று ஒரே தொகை கொடுக்கும் வழக்கம், உழைக்கும் பிள்ளையைத்தான் முதலில் வெளியே துரத்தும்.

கேள்வி: பெரிய சங்கிலிக் கடைகளோடு போட்டியிட வெளியார் முதல் வாங்கலாமா? குடும்பத்தின் கை போய்விடாதா? (ஒரு வாசகர், டர்பன்)

பதில்: போகலாம். பிக் அண்ட் பே என்ற சங்கிலிக் கடையைப் பாருங்கள். ரேமண்ட் ஆக்கர்மன் 1967இல் கேப் டவுனில் நான்கு கடைகளை வாங்கித் தொடங்கினார், அடுத்த ஆண்டே பங்குச் சந்தைக்குப் போனார். வெளியார் முதல் வந்தும் வாக்குரிமையில் பெரும்பான்மை அரை நூற்றாண்டுக்கு மேல் குடும்பத்திடமே இருந்தது. பிறகு முதன்மைக் கடைகள் நட்டத்தில் இறங்கி, 2024இல் 4 பில்லியன் ராண்டுக்குப் புதிய பங்குகள் வெளியிட வேண்டி வந்தபோது அந்தப் பெரும்பான்மையைக் குடும்பம் விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில், 2002இல் வாங்கியிருந்த பாக்ஸர் கடைகளைத் தனியாகச் சந்தையில் பட்டியலிட்டுப் பணம் திரட்டினார்கள். பாக்ஸரின் கணக்கு தனியாக நின்றதால்தான் அதைத் தனியாகக் காட்டிப் பணம் கேட்க முடிந்தது. உங்கள் அளவிலும் இதே விதிதான். வெளியாள் எந்தக் கடைக்கு முதல் போடுகிறாரோ அந்தக் கம்பெனியின் பங்கை மட்டும் கொடுங்கள், தாய்க் கம்பெனியின் பங்கை அல்ல.

வெளியார் முதல் இல்லாமலே வாங்கும் பலத்தைக் கூட்ட இன்னொரு வழி ஸ்பார் போன்ற முறை. கடை உங்களுடையது, பெயரும் கிடங்கும் அவர்களுடையது. மொத்த விலை குறையும், அதற்குப் பதில் எதை எங்கே வாங்குவது என்ற சுதந்திரம் குறையும். கட்டடம் உங்களுடையதாக இருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும். முன்குத்தகை உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 2021 ஜூலைக் கலவரத்தில் பக்கத்துக் கடைக்காரருக்குக் காப்பீடு இருந்தும் பணம் வரவில்லை. நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்? (ஒரு வாசகர், வெருலம்)

பதில்: சாதாரணக் காப்பீடு தீ, வெள்ளம், திருட்டை ஏற்கும், கலவரத்தை ஏற்காது. கலவரத்துக்குக் காப்பீடு தருவது அரசின் சாஸ்ரியா நிறுவனம் ஒன்றுதான். அதை உங்கள் வழக்கமான காப்பீட்டு நிறுவனம் வழியாகவே வாங்கலாம், ஆனால் பத்திரத்தில் சாஸ்ரியா என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம்போல வந்தால் சாஸ்ரியா உதவாது, அங்கே சாதாரணக் காப்பீடுதான். இரண்டும் வேண்டும். கட்டடத்துக்கு, சரக்குக்கு, வண்டிகளுக்கு, வியாபாரம் நின்ற நாட்களின் இழப்புக்கு என்று சாஸ்ரியா ஒவ்வொன்றுக்கும் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். கடைசி ஒன்றைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கடை எரிந்து ஆறு மாதம் மூடியிருக்கும்போது சம்பளமும் தவணையும் வருவது அதிலிருந்துதான்.

தொகையையும் பாருங்கள். கிடங்கில் 4 மில்லியன் சரக்கு இருக்கும்போது 2.5 மில்லியனுக்கே காப்பீடு செய்திருந்தால், 1 மில்லியன் சரக்கு எரிந்தால் முழு 1 மில்லியன் தர மாட்டார்கள். அதே விகிதத்தில் 6,25,000தான். டிசம்பரில் சரக்கு இரட்டிப்பாகும் கடைகள் நவம்பரிலேயே தொகையைக் கூட்டச் சொல்லி எழுத வேண்டும், பதில் வந்த மின்னஞ்சலை வைத்துக்கொள்ள வேண்டும். சரக்குக் கணக்கின் நகல், கொள்முதல் பில்கள், சாமான்களின் படங்கள் எதுவும் கடைக்குள் இருக்கும் கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. கடையோடு கணினியும் போனால், எவ்வளவு எரிந்தது என்று காட்ட உங்களிடம் தாள் இருக்காது.